ரீகனின் புள்ளி

கல்லறைத் திருநாளன்று மகன் ரீகனுக்காக மெழுகுவர்த்தியும் கையுமாக வந்த சவேரியம்மாளை, டெல்மா கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மறித்தாள்.

கடலுக்குப் போய் உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு அந்த ஊரில் குழி வெட்டுவதில்லை. ஒரு திரையை நட்டு, விண்வெளியிலிருக்கும் எக்ஸ்ரே தொலைநோக்கியின் படத்திலிருந்து ஆளுக்கொரு புள்ளியை அதில் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு புள்ளியும் எட்டாத தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலம். தொலைநோக்கி வானத்தின் அதே துண்டை ஆண்டுக்கணக்காக வெறித்துக்கொண்டிருந்ததால், படம் வரவரத் தெளிந்துகொண்டே வந்தது. திரைகளைப் பார்த்துக்கொள்வது டெல்மாவின் வேலை.

“மாமி, புதுப் படம் வந்திருக்கு. ரீகனோட புள்ளி அதுல இல்ல.”

“அணைஞ்சிட்டா?”

“அது மண்டலமே இல்லையாம். கருவிக் கோளாறுல விழுந்த பொட்டாம். பக்கத்துலயே பிரகாசமா ஒண்ணு இருக்கு. அதை மாத்தித் தாறேன்.”

சவேரியம்மாளின் முகம் இறுகிவிட்டது. “அவன் கடலுக்குப் போயி திரும்பாதப்பவும் இப்படித்தான். எவ பெத்த பிள்ளையோ, ஒரு உடம்பைக் கொண்டாந்து, இதை வச்சு அடக்கம் பண்ணிருங்கன்னு சொன்னாவ. நான் வாங்கல.”

சவேரியம்மாள் உள்ளே நடந்தாள். டெல்மா பின்னாலேயே போனாள்.

“அந்த எடத்துல இப்ப என்ன தெரியுது?”

“ஒண்ணுமில்ல மாமி. வெறும் இருட்டு.”

“கடலும் அப்படித்தான் கெடந்துச்சு. அதையே போடு.”

டெல்மா போட்டாள். அவரவர் பிள்ளைகள் மின்னிக்கொண்டிருந்த திரைகளுக்கு நடுவே, கறுத்துக் கிடந்த திரைக்கு முன்னால் சவேரியம்மாள் மெழுகுவர்த்தியை ஊன்றினாள்.