அக்கா வண்டி ஓட்டிய வீடியோ

ஐம்பது வயதில் ஸ்கூட்டர் பழகிய அக்கா, அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். அந்த நாற்பது விநாடி வீடியோவைத் தம்பிக்கு அனுப்பி, "நல்ல மியூசிக்கா சேர்த்து நம்ம குடும்ப குரூப்புல போடுடா" என்றாள்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் ஆறு மாதம் பேசமாட்டாள். அதனால் தம்பி, மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். வீடியோவில் இசையும் குரலும் சேர்க்கும் ஆப்பைத் திறந்து, முதலில் வயலினை ஒலிக்கவிட்டான்.

"அண்ணி அழுதுகிட்டே ஓட்டுற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

"அப்ப புல்லாங்குழல்?"

"வண்டி போற வேகத்துக்குத் தூக்கம்தான் வரும். பேசாம ரோடு ரோலர் சத்தத்தப் போடுங்க. அதான் பொருத்தம்."

அக்காவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். வாய் கேட்கவில்லை. "கடைசியில ஆம்புலன்ஸ் சத்தத்தையும் சேர்த்துடலாம்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு நல்ல பிள்ளைகளாக ஒரு பியானோ இசையைச் சேர்த்து குரூப்பில் போட்டார்கள்.

ஐந்தே நிமிடத்தில் சித்தப்பா, மாமா, அத்தை என எல்லாரும் சிரிப்பு எமோஜிகளாக அனுப்பித் தள்ளினார்கள். தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பியானோ லேசாத்தான் கேக்குது. அதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும் பேசுனது கணீர்னு கேக்குது. மைக்க அணைக்காமலா மியூசிக் தேடின?"

தம்பி தூக்கிவிட்ட காலரை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான்.

"கோபமெல்லாம் இல்லடா" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில வண்டியிலயே வர்றேன். உங்க ரெண்டு பேரையும் ஒவ்வொருத்தரா பின்னால உக்கார வச்சுக் கடைத்தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். பாட்டு நீங்களே பாடிக்குங்க."