ஏழாவது கேள்வி

ஆறு கேள்விகளுக்குப் பதில் போட்ட பெண் இன்றைக்கும் ஏழாவதில் நின்றுவிட்டாள்.

சுதேஷ் மடிக்கணினியைப் படாரென்று மூடினான். மேசையின் மறுபக்கத்தில் போஞ்சி அரிந்துகொண்டிருந்த மனைவி துஷானி நிமிர்ந்து பார்த்தாள்.

தங்கை நிஷாந்திக்குச் சிறுநீரகம் தேவை என்று ஓர் இணையப் பக்கத்தை அவனே செய்து, தர விரும்புகிறவர்கள் நிரப்பி அனுப்ப ஒரு கேள்விப் படிவமும் வைத்திருந்தான். அவனுடைய சிறுநீரகம் பொருந்தாது என்று முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். அம்மா, அப்பா இல்லை.

கண்டியில், ஹோட்டல்களின் இணையத்தளங்களுக்கு 'டேக்' என்ற சிறு நிரலைப் பொருத்துவது அவன் தொழில். பக்கத்துக்கு வருகிறவர் யார் என்று டேக் சொல்லாது. எவ்வளவு நேரம் இருந்தார், எதைத் தொட்டார், எந்த இடத்தில் வெளியேறினார் என்று சொல்லும்.

தங்கையின் பக்கத்துக்கும் அதையே பொருத்தினான்.

ஐந்து வாரத்தில் நானூறு பேர் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். கண்டிப் பகுதியிலிருந்து. கைபேசியில். திங்கள், புதன், வெள்ளி, பிற்பகல்.

அதே நாட்களில், அதே நேரத்தில்தான் அவன் நிஷாந்தியை டயாலிசிஸுக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். அங்கே காத்திருக்கும் யாரோ என்று நினைத்தான். வாங்குகளில் அமர்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு அம்மா முறைத்த பிறகு பார்ப்பதை விட்டான்.

படிவத்தை அனுப்பும் பட்டனைப் பெரிதாக்கினான். நிறத்தை மாற்றினான். கேள்விகளைச் சிங்களத்திலும் போட்டான்.

வந்தார். நிரப்பினார். அனுப்பாமல் போனார்.

போன வாரம் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி டேக் வைத்தான், தொட்ட பதிலும் தெரியும்படி. செய்யக்கூடாத வேலைதான். செய்தான்.

பெண். வயது முப்பதுக்கு மேல். ஓ பொசிட்டிவ். நோய் எதுவுமில்லை. தானம் செய்ய விருப்பமா: ஆம். திருமணமானவரா: ஆம்.

ஏழாவது கேள்வி: 'உங்கள் துணைவருக்குச் சம்மதமா?'

ஆஸ்பத்திரியில் எப்படியும் கேட்பார்கள் என்று அவன்தான் அதைச் சேர்த்திருந்தான். அந்த இடத்தில் அவள் நான்கு நிமிடம் நின்றிருந்தாள். பிறகு வெளியேறிவிட்டாள்.

டயாலிசிஸிலேயே இன்னும் அதிக நாள் தள்ள முடியாது என்று டாக்டர் அன்றுதான் சொல்லியிருந்தார்.

"எல்லாம் பொருந்துது. குடுக்க விருப்பம்னும் போடுறா. புருசன்காரன் ஒருத்தன் குறுக்க நிக்கிறான்," என்று கத்தினான். "என்ன மனுசன் அவன்? ஒரு உயிர் போகுதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

துஷானியின் கத்தி நின்றது.

"தெரியும்," என்றாள். "இல்லைன்னு போட எனக்கு மனசு வரல. ஆமான்னு போட நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

சுதேஷ் அவளையே பார்த்தான்.

வைகாசியில் ஒருநாள், 'நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா?' என்று அவள் கேட்டிருந்தாள். மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. சேர்ட்டை மாட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தான். அதன் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உள்ளறையில் நிஷாந்தி எதையோ சொல்ல, குழந்தை சிரித்தது.

அவன் துஷானியின் கையிலிருந்து கத்தியை வாங்கினான். மீதிப் போஞ்சியை அரியத் தொடங்கினான். ஒன்றும் ஒரே அளவில் வரவில்லை. கடைசிப் போஞ்சி வரை அவன் தலை நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமை நீயும் வந்தா பாப்பாவை யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டான்.