பொருத்துக் குறைந்த தரை

"உந்த ஆறு மூலைக் கல்லு வேண்டாம், தம்பி. பொருத்து அதிகம். உள்ளுக்குப் போய் ஒளிச்சா ஆர் கிண்டி எடுக்கிறது?"

வீரபாகு இவ்வளவு நீளமாகப் பேசி அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி கேட்டுக் கனகாலம்.

முரசுமோட்டையில் கட்டி முடிகிற புது வீட்டின் ஹோலுக்கு டைல்ஸ் வேண்டுமென்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குடிபூரலுக்கு வரப்போகும் கனடாத் தங்கை தயாளினி, வெறும் சீமெந்துத் தரையைப் பார்த்து என்ன நினைப்பாள் என்பதுதான் அவளுடைய கவலை. அவர் அதற்குப் பதிலே சொன்னதில்லை. இன்று காலை தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "வெளிக்கிடு, கிளிநொச்சிக்குப் போய் டைல்ஸ் பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

முப்பது வருடமாக அவருடைய மௌனங்களுக்குத் தானே அர்த்தம் கண்டுபிடித்துக் குடும்பம் நடத்தியவள் அவள்.

கிளிநொச்சி டைல்ஸ் கடைக்காரர் நவ்பர் அடுத்து மரப்பலகை போன்ற நீளத் துண்டுகளை எடுத்து வைத்தார். இளமஞ்சள் நிறம். அவளுக்குப் பிடித்திருந்தது.

"இந்த நிறத்தில விழுந்து கிடந்தா கண்ணுக்குத் தெரியாது" என்றார் வீரபாகு.

ஜெகதீஸ்வரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. பழைய வீட்டுத் தரை வெடிப்புக்குள் தன் தோட்டின் திருகுச் சுரை விழுந்து, மூன்று நாள் தேடித் திரிந்ததை மனுசன் மறக்கவில்லை.

கடைசியாக வந்தது இரண்டடிக்கு இரண்டடி, பளபளவென்ற வெள்ளை போர்சலின். வீரபாகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். பிறகு குந்தியிருந்து, உள்ளங்கையால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல வழித்துப் பார்த்தார். கூட்டும்போது அவளுடைய முதுகு படும் பாட்டையும் இவர் கவனித்திருக்கிறார். ஜெகதீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது சரி. ஆனா நடுவில கதிரை, செற்றி ஒண்டும் வைக்கேலாது."

"ஓமப்பா. தரை வடிவாத் தெரியட்டும்."

கண்டாவளைச் சொந்தக்காரர்களில் யாருக்கு முதலில் போன் எடுத்து இதைச் சொல்வது என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

நவ்பர் கல்குலேட்டரை எடுத்தார். "ஹோல் எத்தினை சதுர அடி வரும், ஐயா?"

வீரபாகு முகட்டைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் நின்றார். அந்த மௌனத்துக்கும் ஜெகதீஸ்வரி அழகான ஓர் அர்த்தம் கண்டுபிடித்து முடித்திருந்தாள்.

"அடிக்கணக்குத் தெரியாது, தம்பி. மழை வந்தா றோட்டில காயிற நெல்லை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, மெல்லிசாப் பரவினா இருபது மூடை பிடிக்கும்."