உள்ளூரில் ஆள் இல்லை

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுனிலிருந்து அந்த ஆஸ்திரேலியப் பழங்குடிக் கிராமத்துக்கு வந்த பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. வெர்னா பையோடு நிமிர்ந்து பார்த்தாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

கொளுத்துகிற வெயிலில், வேலிக்கு அந்தப் பக்கம், டவுன் ஆட்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், மர நிழலில், அவள் புருஷன் கிளாரி கூட்டாளிகளோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

"வா. உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றான் கிளாரி.

"அம்மா இருக்கட்டும். அங்க என்ன கட்டறாங்க?"

"தொழிற்பயிற்சி மையம்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

பையைத் தரையில் போட்டாள்.

"நமக்கு எவனோ வந்து கட்டறான். நீங்க நிழல்ல உக்காந்து சீட்டாடறீங்க. இந்த ஊர் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது யாரு? கிளினிக் சுவரை எழுப்பினது யாரு? நீங்கதானே? இப்ப கை மரத்துப்போச்சா?"

கிளாரியின் தம்பி முறை நெவில், "வெயில் ஜாஸ்தி அண்ணி" என்றான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது.

"சிரிங்க. ஆஸ்பத்திரியில ஒருத்தி என் காதுபடவே சொன்னா, இந்த ஜனங்க சோம்பேறிங்க, கவர்மென்ட் கொட்டிக் கொடுத்தாலும் உடம்பு வளையாதுன்னு. அம்மா பக்கத்துல படுத்திருக்காங்கன்னுகூடப் பார்க்காம அவகூடச் சண்டை போட்டேன். எங்க ஊர் ஆம்பளைங்களை வந்து பாருடின்னு. நல்லவேளை, அவ வரலை."

"வெர்னா, வீட்டுக்குப் போ. டீ போட்டுக் குடி. அப்புறம் பேசலாம்."

"நான் எங்க போகணும்னு எனக்குத் தெரியும்."

விறுவிறுவென்று வேலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "வேணாம், வெர்னா" என்று கிளாரி கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

சூப்பர்வைசர் பேரி வாசலுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்க ஆளுங்களை இழுத்துட்டு வரேன் சார். வேலை கொடுங்க."

"எனக்கும் ஆசைதாம்மா. ஆளு, சாப்பாடு எல்லாம் விமானத்துல வருது. உள்ளூர்ல ஆள் கிடைக்கலைன்னு மேலே சொல்லிட்டேன், என்ன பண்றது?"

"கிடைக்கலையா? அதோ உக்காந்திருக்காங்களே, நீங்க ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா?"

பேரி சங்கடமாக நெளிந்தார்.

"கூப்பிடவே வேண்டாம்மா, அவங்களே வந்தாங்க. ஆரம்பத்துல தினமும் காலையில எங்களுக்கு முன்னாடி இந்த வாசல்ல நிப்பாங்க, பூட்ஸெல்லாம் மாட்டிக்கிட்டு. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

வெர்னா மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்?"

"கட்டட வேலைக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச அட்டை இருக்கணும். அது இல்லாம ஒருத்தரை உள்ள விட்டா என் வேலை போயிடும். அவங்க அட்டையெல்லாம் காலாவதி. நடுவுல இங்க கட்டட வேலையே இல்லை பாருங்க."

"கட்டடம் கட்டியே வளர்ந்தவங்க சார் அவங்க."

"எனக்குத் தெரியுது. சட்டத்துக்குத் தெரியாதே."

"சரி, அட்டை எங்க கிடைக்கும்? டவுனா? நானே கூட்டிட்டுப் போறேன்."

"டவுன்ல அந்த அட்டைக்கான வகுப்புல உங்க ஊர்க்காரங்களைச் சேர்க்கறதை நிறுத்திட்டாங்க. இவங்களை அலைய விடக்கூடாது, இனிமே அவங்க ஊர்லயே வகுப்புன்னு நல்லெண்ணத்துல ஒரு உத்தரவு."

"ஊர்ல எங்க?"

பேரி திரும்பி, பாதி எழும்பி நின்ற சுவரைப் பார்த்தார்.

"இங்கேதாம்மா. இது கட்டி முடிஞ்சதும்."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தலாம் போலிருந்தது. இவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

மரத்தடிக்குத் திரும்பி வந்தாள். கிளாரி நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தாள்.

"போன்ல சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அங்க அம்மாவோட டயாலிசிஸ் மெஷினுக்கும் டாக்டருக்கும் அலைஞ்சுட்டிருக்கே. இதையும் சொல்லணுமா?"

"நான் கண்டபடி திட்டினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"பஸ்ல வந்த களைப்பு. திட்டி முடிக்கட்டும்னு விட்டேன்."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி கோபம் வந்தது, இந்த முறை வேறு மாதிரி.

"உள்ள விடமாட்டேன்னு சொல்லிட்டான். அப்புறமும் எதுக்குய்யா அவன் எதிர்லயே வந்து உக்காந்திருக்கீங்க? பார்க்கிறவன் எல்லாம் சோம்பேறின்னு சொல்லட்டும்னா? வீட்டுல கிடந்து தொலைக்கலாமில்ல?"

நெவில்தான் சொன்னான்.

"போன வாரம் அந்த டவுன் பசங்கள்ல ஒருத்தன் வெயில்ல சுருண்டு விழுந்துட்டான் அண்ணி. கூட இருந்தவங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியலை. அண்ணன் வேலியைத் தாண்டிக் குதிச்சுத் தோள்ல தூக்கிப் போட்டுட்டு கிளினிக்குக்கு ஓடினாரு. பையன் பொழைச்சுட்டான்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அட்டை இல்லாம உள்ள வந்தது குத்தமாம். இன்னொரு தடவை தாண்டினா போலீஸாம்."

வெர்னா புருஷனைப் பார்த்தாள்.

"இன்னொருத்தன் விழுந்தா என்னய்யா பண்ணுவே?"

கிளாரி சுவர்மேல் நின்றவர்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"அதுக்குத்தானே வேலியோரமாவே உக்காந்திருக்கோம்."