பத்து நாள்

அரசாங்கம் தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில், விளைந்து நின்ற சோளத்தை அழிக்க மாசானம் புல்டோசரை ஓட்டி வந்தான். எதிரே, அதை விதைத்த அவன் அக்கா பேச்சித்தாய் கையை விரித்து மறித்தாள்.

“எலே மாசானம், கதிரு முத்திட்டுலே. பத்து நாள் பொறுக்கச் சொல்லுலே.”

அவன் இன்ஜினை அணைத்துவிட்டு, ஜீப்பில் இருந்த மேலாளரைத் திரும்பிப் பார்த்தான். “எங்க அக்கா பத்து நாளுதான் கேக்கா, சார்.”

மேலாளர், காவலுக்குக் கூட வந்திருந்த போலீஸ்காரர்களுக்குக் கைகாட்டினார். முதல் லத்தியடியிலேயே அவள் மண்டை பிளந்தது. விழுந்த பிறகும் அடித்தார்கள். அவள் அசைவது நின்றுபோனது.

“ஓட்டுடா,” என்றார் மேலாளர்.

மாசானம் இன்ஜினைக் கிளப்பினான். சோளத்துக்குள் போகாமல் வண்டியை ஜீப்பை நோக்கித் திருப்பினான். உள்ளே மேலாளர் கதவைத் திறக்க முடியாமல் தடுமாறுவது தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.