ஒரு சிட்டிகைச் சீமைப் பொடி

"பொண்டாட்டி கால்வலியில அலர்றா. புருசன் உக்காந்து பூஞ்சணம் வளத்துட்டு இருக்கறான். இந்த அக்கிரமம் எந்த ஊர்லயாச்சும் உண்டா?"

நாச்சியம்மாள் அடுப்பைப் பார்த்துத்தான் கேட்டாள். கொழுந்தனுக்குச் சொல்ல வேண்டியதை அடுப்புக்குச் சொல்வது அவள் வழக்கம்.

அடுத்த அறையிலிருந்து ஈஸ்வரமூர்த்தி தலையை நீட்டினான். பட்டணத்தில் ரசாயனம் படித்துவிட்டு, கதர் கட்டிக்கொண்டு போத்தனூருக்கே திரும்பி வந்தவன்.

"மருந்துங்க அண்ணி. சர்க்கரைத் தண்ணியில இந்தப் பூஞ்சணம் படர்ந்தா ஒரு புளிப்பு ஊறும். அதுல மதுக்கரைச் சுண்ணாம்புக் கல்லைப் பொடிச்சுப் போட்டா கால்சியம் குளுக்கோனேட். சீமையிலிருந்து டப்பா டப்பாவாக் கப்பல்ல வருதே, அதேதானுங்க."

"அப்ப அந்த டப்பாவையே வாங்கிக் குடுத்தா என்னங்க?"

"இந்த ஊட்டுக்குள்ள சீமைச் சரக்கு வரக் கூடாதுங்க."

"புள்ளத்தாச்சிங்க அவ. கெண்டைக்கால் முறுக்கி இழுக்குது. அதுக்குத் தெரியுமுங்களா, எது சீமை எது சொதேசின்னு?"

டாக்டர் லட்சுமணசாமி எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க மாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடித்து ஒரு மாதம் ஆயிற்று. 'நானே செஞ்சு குடுக்கறேன்' என்று சவால் விட்டிருந்தான். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஆனால் மருந்து பாதியில் நின்றுவிட்டது. வடிகட்டி, காய்ச்சி, பீங்கான் தொட்டியில் ஊற்றி வைத்தது வெள்ளையாக உறைய வேண்டும். அது பாகாகவே கிடந்தது.

"ஏனுங்க உறைய மாட்டேங்குது?"

"முரட்டுப் பாகுங்க இது. சீமைப் பொடியில ஒரு மணி உள்ள உழுந்தாப் போதும், அதைப் புடிச்சுட்டு மொத்தமும் உறைஞ்சுக்கும்."

"போட்டுப்போடுங்க!"

"போட்டா அப்பறம் இது சொதேசி மருந்துங்களா?"

"நேத்து உறைமோரு கெழக்கால ஊட்டுல வாங்கித்தானுங்க ஊத்துனேன். தயிரை நீங்கதான் ரெண்டு கரண்டி போட்டு உண்டீங்க. அது நம்ம ஊட்டுத் தயிரா, அவிங்க ஊட்டுத் தயிரா?"

ஈஸ்வரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உறையாட்டிப் போகுதுங்க. மொதல்ல இருந்து செய்யறேன். இன்னொரு மாசம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்னொரு மாசமா!

புதன்கிழமை விடியற்காலையில் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி சுப்பாத்தாள் கால்வலியில் போட்ட கூச்சலில் தொழுவத்து மாடுகள் எழுந்து நின்றன. நாச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்கென்று கிளம்பி, டாக்டர் வீட்டுக்குப் போய், சீமைப் பொடி ஒரு பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தா கண்ணு, தின்னுபோடு. அந்த மனுசனுக்குத் தெரிய வேண்டாம்."

"வேண்டாமுங்க அக்கா. அவரு மருந்து வரட்டுமுங்க."

"அது வர்றதுக்குள்ள நீ பெத்தே எந்திரிச்சிருவே!"

ஓரகத்தி பொட்டலத்தைத் தொடவே இல்லை. சரிதான், அந்த மூடிக்கு இந்தச் சட்டிதான் என்று நாச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் கொழுந்தன் வெளியே போன சமயம் மருந்து அறைக்குள் நுழைந்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து, "கெழக்கால ஊட்டு உறைமோருன்னு நெனச்சுக்க சாமி" என்று தொட்டியிடம் சொல்லிவிட்டு, தூவிவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தொட்டி நிறைய வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார், நக்கிப் பார்த்தார். "பேஷ்! அசல் சரக்கு" என்றார்.

"ஒரு மணி சீமைச் சரக்கு சேரலீங்க டாக்டர்! எல்லாம் நம்ம மண்ணு!" ஈஸ்வரமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாச்சியம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

முதல் கரண்டியை அவனே கொண்டுபோய் மனைவிக்குக் கொடுத்தான். மறுநாள் விடிந்தது, கூச்சல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தனுங்க, பாத்தனுங்க."

அதற்கு மேல் அவளால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. அந்தத் தொட்டியில ஒரு சிட்டிகை சீமைப் பொடியை நான்தான் போட்டேன்."

சுப்பாத்தாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"நீங்களுமுங்களா?"

"நீங்களுமுன்னா?"

"சாயங்காலம் அவரே எனக்குப் பாலு கொண்டாந்து குடுப்பாருங்க. சர்க்கரை போடாத பாலை எதுக்குங்க அத்தனை நேரம் கலக்கோணும்? குடிச்சு முடிச்சா அடியில வெள்ளையா நிக்கும். சீமைப் பொடிங்க அக்கா! தொட்டியில ஒரு மணி போட மாட்டேன்னவரு, என்ற டம்ளர்ல ஒரு மாசமாக் கரண்டி கரண்டியாப் போட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு, பாவம்."

நாச்சியம்மாள் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது.

"அப்பறம் ஏங்கண்ணு வலி நிக்கலே? புதங்கெழமை அந்தக் கத்துக் கத்துனியே?"

சுப்பாத்தாள் வாசற்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வலி நின்னு ரொம்ப நாளாச்சுங்க அக்கா. அவரு செஞ்ச மருந்துலதான் நின்னுச்சுன்னு இருக்கட்டுமேன்னு, அதுவரைக்கும் கத்திட்டு இருந்தனுங்க."