மிச்ச டப்பா

"கொட்டு. என் கண் முன்னாடியே கொட்டு" என்றார் அச்சுதன்.

சின்னம்மா டப்பாவைச் சாய்த்தாள். கைக்குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற மாவு, வெள்ளை வெளேரென்று தொட்டியில் விழுந்தது. குழாயைத் திறந்துவிட்டு, எல்லாம் போய்ச் சேரும்வரை அவர் நகரவில்லை.

"டெஸ்டுக்கு ஒரு ஸ்பூன்தான எடுத்தீங்க சார்? மிச்சத்த எடுத்துனு போனா என் கொயந்தைக்கு ஆவும் சார்."

"ஆகாது. போய் வேலையைப் பாரும்மா."

புனேயில் போசரிப் பக்கம் இருந்த சின்ன லேப் அது. உணவுப் பொருள்களைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பார்கள். அச்சுதன் அங்கே தலைமை. சின்னம்மா கூட்டிப் பெருக்குகிறவள். அவளுடைய பத்து மாதக் குழந்தை ஜான்சி, வராந்தாவில் சேலைத் தொட்டிலில் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அச்சுதன் அதன் முன்னால் நின்று சொடக்குப் போடுவார். அது சிரித்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

கொஞ்சுவதற்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று அம்ருதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் அவள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள்.

பிஸ்கட், சேமியா மிச்சமானால் "எடுத்துண்டு போ" என்று கொடுக்கிற மனுஷன்தான். விலை உசந்த இந்த டப்பா என்றால் மட்டும் சாக்கடைக்குக் கொடுப்பாராம். சரியான கஞ்சூஸ்!

அதுவும், அதே மாவுக்குக் 'குழந்தைகளுக்கு உகந்தது' என்று காலையில்தான் ரிப்போர்ட் டைப் அடித்திருந்தாள். உலோகம் பார்க்கிற மெஷினை அச்சுதன் யாரையும் தொடவிட மாட்டார். அவர் சொல்கிற எண்ணை இவள் அடிக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார்.

அடுத்த முறை டப்பாக்கள் வந்தபோது அம்ருதா முந்திக்கொண்டாள்.

"நானே கொட்டிடறேன் சார்."

படித்த பெண்ணாயிற்றே என்று அவர் கூட வந்து நிற்கவில்லை. குழாய்த் தண்ணீர் சும்மா ஓடியது. டப்பாக்கள் அம்ருதாவின் பைக்குள் போய், பஸ் ஸ்டாப்பில் சின்னம்மாவின் கைக்கு மாறின.

"ஜான்சியும் உங்களாட்டம் வெள்ளக் கோட்டு போடணும் மேடம். எப்பாடுபட்டாவது படிக்க வெச்சிடுவேன்."

"போடுவா, போடுவா. முதல்ல நல்லா சாப்பிடட்டும்."

அதற்கப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்காலம் போய்த் தீபாவளி வந்தது. ஜான்சிக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் அம்ருதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தை முன்போலத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதுதான் குறைந்திருந்தது.

அன்று அச்சுதன் சொடக்குப் போட்டுப் போட்டு அலுத்துப்போய் உள்ளே வந்தார்.

"ஜான்சி ஏன் இப்படி மந்தமா இருக்கா? என்னதான் கொடுக்கறா இந்தச் சின்னம்மா?"

அம்ருதாவால் பொறுக்க முடியவில்லை.

"சார், உங்களுக்குக் கோபம் வரும். லேகின் சொல்லிடறேன். அவ நல்ல சாப்பாடுதான் சாப்பிடறா. நீங்க கொட்டச் சொன்ன டப்பாவெல்லாம் நான்தான் குடுத்தேன்."

அச்சுதன் கோபப்படவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஐயோ... அதுல காரீயம் இருக்கு அம்ருதா."

"ரிப்போர்ட்ல அளவுக்குள்ளதானே சார் இருந்தது?"

"கெட்ட டப்பாவுல ஒரு ஸ்பூன், நல்ல டப்பாவுல நாலு ஸ்பூன். கலந்து மெஷின்ல விட்டா சராசரி அளவுக்குள்ள வந்துடும். மாவு பண்ற கம்பெனிக்கு அது போறும். நான் மாட்டேன்னா வேற லேப் செஞ்சு கொடுக்கும்."

"குழந்தை சராசரியைச் சாப்பிடாது சார்! வீட்ல இருக்கற டப்பாவைத்தான் சாப்பிடும்."

அவர் வராந்தாப் பக்கம் பார்த்தார்.

"இப்போ ஜான்சிக்கு என்ன சார் ஆகும்?"

"பெரிசா ஒண்ணும் ஆகாது. அதான் கொடுமை. படுக்கையில போடாது, உயிருக்கு ஒண்ணும் வராது. மூளையைத்தான் மழுக்கிடும். பள்ளிக்கூடம் போனா படிப்பு ஏறாது. டாக்டர்கிட்ட கூட்டிண்டு போலாம். ஆனா போனதை யாராலும் திருப்பித் தர முடியாது. அவ தலையெழுத்து அவ்வளவுதான்னு சின்னம்மா நெனச்சுப்பா."

வராந்தாவில் சின்னம்மா தொட்டிலுக்குள் குனிந்து, "இங்க பாரு கண்ணு, இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சலிக்காமல் கூப்பிட்டாள்.

அம்ருதாவுக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை போலிருந்தது. கடை கடையாக அடுக்கியிருக்கிற டப்பாக்களும், அவற்றுக்காகத் தான் அடித்த ரிப்போர்ட்டுகளும் நினைவுக்கு வந்தன. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஊர்ல இருக்கற எல்லாக் குழந்தைக்கும் அதையே குடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டீங்களே சார். ஜான்சிக்கு மட்டும் ஏன் வேண்டாம்னு கொட்டச் சொன்னீங்க?"

அச்சுதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இவளை நான் தெனமும் பாக்கறேனேம்மா."